ஆதோஸ் மலையில் ஓர் இத்தாலிய நூல்: கிறிஸ்தவ ஆன்மிக ஆய்வில் கிழக்கு–மேற்குப் பிரிவினை

1. கேள்வி

கிறிஸ்தவ ஆன்மிகத்தை முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கும்போது பாடத்திட்டம் பொதுவாக இரண்டு பத்திகளாக எழுதப்படுகிறது. மேலை மரபில் அகுஸ்தீனார், பெனடிக்ட், கிளேர்வோ பெர்னார்து, அசிசி பிரான்சிஸ், மெய்ஸ்டர் எக்கார்ட், லொயோலா இஞ்ஞாசியார், அவிலா தெரேசா, சிலுவை யோவான் ஆகியோர் வருகிறார்கள். கீழை மரபில் எகிப்தியப் பாலைவனத் தந்தையர், நீசா கிரகோரி, மாக்சிமுஸ், புதிய இறையியலாளர் சிமியோன், கிரகோரி பலாமாஸ் ஆகியோரும் இறுதியில் ‘பிலோகாலியா’ தொகுப்பும் இடம்பெறுகின்றன. முதல் பருவத்தில் ஒன்று, இரண்டாம் பருவத்தில் மற்றொன்று, கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை என்பதே வழக்கம். மாணவர்கள் எழுதும் ஒப்பீடுகளும் ஒரே தடத்தில் போகின்றன: கிழக்கு ஒளியைப் பேசுகிறது, மேற்கு இருளைப் பேசுகிறது; கிழக்கு உருமாற்ற மலையில் நிற்கிறது, மேற்கு சிலுவையடியில் நிற்கிறது; கிழக்கு இதயத்தை நாடுகிறது, மேற்கு அறிவை நாடுகிறது.

இந்த எதிர்நிலைகள் வரலாற்றில் இருந்தவையா, அல்லது வரலாற்றைப் படித்தவர்கள் அதன்மேல் வைத்துப் பார்த்தவையா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு பகுதி வரலாற்றில் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில், பெரும்பாலும் பாரிஸிலும் ரோமிலும், உருவாக்கப்பட்டது என்பது என் முடிவு. அந்த உருவாக்கத்தின் கதையைச் சொல்லாமல் அதன் விளைவை மட்டும் மாணவர் கையில் கொடுத்தால், அவர் நூல்களைப் படிக்கும் முன்பே அவற்றின் பொருள் தீர்மானமாகிவிடுகிறது.

2. ஒரு துறை உருவான விதம்

ஆன்மிகம் தனிப் பாடமானது வெகு அண்மையில்தான். இறையியலும் செப வாழ்வும் ஒன்றாயிருந்த காலம் போய், இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் வளர்ச்சியோடு இரண்டும் விலகின. ஹான்ஸ் உர்ஸ் பொன் பல்தாசர் 1948-இல் இந்த விலகலைக் குறித்து எழுதினார். பிரான்சுவா வாந்தன்புரூக் 1950-இல் அதை ஒரு மணமுறிவாகவே விவரித்தார். விலகிய செப வாழ்வு தனக்கென்று ஒரு பாடநூல் மரபைத் தேடிக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபையைச் சேர்ந்த ஸ்கராமெல்லி துறவுநெறிக்கு ஒரு கையேடும் மறைஞானத்துக்கு வேறொரு கையேடும் எழுதினார். சாதாரண விசுவாசிக்கு முதலாவது, சிலருக்கு மட்டும் இரண்டாவது என்ற பாகுபாடு அங்கே இறுகியது. 1920-களில் தாங்கெரே எழுதிய பாடநூல் அதைக் குருமடங்கள்தோறும் கொண்டு சேர்த்தது.

ரோமில் 1917-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. தொமினிக்கர்களின் ஆஞ்சலிக்கும் கல்லூரியில் துறவுநெறி, மறைஞான இறையியலுக்குத் தனி ஆசிரியப் பொறுப்பு உண்டாக்கப்பட்டு கரிகு-லக்ராஞ்ச் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் கீழைத் திருச்சபைகளுக்கான பாப்பிறைக் கல்விக்கழகத்தை நிறுவினார். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமையே. ஆயினும் அதன் விளைவு நீண்டது. ஆன்மிகம் ஒரு கட்டடத்திலும் ‘கீழை ஆன்மிகம்’ இன்னொரு கட்டடத்திலும் வளர்ந்தன. 1932-இல் தொடங்கி 1995-இல் நிறைவுற்ற பிரெஞ்சு மொழியின் மாபெரும் ஆன்மிக அகராதி இரண்டையும் அகரவரிசையில் ஒன்றாகக் கோத்தது. வகுப்பறை அந்த வழியில் செல்லவில்லை.

அமெரிக்காவில் இத்துறை பல்கலைக்கழகத் தகுதி பெற்றது இன்னும் பிந்தி. பெர்க்லியில் சாந்திரா ஷ்னைடர்ஸ், சிக்காகோவில் பெர்னார்ட் மெக்கின் ஆகியோரின் உழைப்பு அதற்கு அடித்தளம். 1985-இல் மெக்கினும் ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர் ஜான் மெயந்தார்ஃபும், பெனடிக்ட் சபைத் துறவி ஜான் லெக்லெர்க்கின் துணையோடு, தொடக்கம் முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையான ஆன்மிக வரலாற்றைக் கிழக்கும் மேற்கும் சேர்த்து ஒரே தொகுதியாகப் பதிப்பித்தார்கள். நல்ல தொடக்கம் அது. ஆனால் அதிலும் இரு மரபுகளுக்கும் அடுத்தடுத்துத் தனி அத்தியாயங்கள் என்ற ஒழுங்கே மேலோங்கியிருந்தது.

3. பிரிவினையின் பிறப்பிடம்

கிழக்கும் மேற்கும் தொடக்கத்திலிருந்தே இரு வேறு மனப்போக்குகள் என்ற கருத்துக்குக் கிழக்கில் ஊற்றுத் தேடினால் வியப்பே மிஞ்சும். அதற்குத் தெளிவான வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டு இயேசு சபைக் குரு தியோதோர் தெ ரெய்ன்யோன். மூவொரு கடவுளைப் பற்றி 1892-க்கும் 1898-க்கும் இடையில் வெளிவந்த அவரது நூலில், கிரேக்கர் ஆட்களிலிருந்து தொடங்கி ஒரே இயல்புக்கு வருகிறார்கள், இலத்தீனர் இயல்பிலிருந்து தொடங்கி ஆட்களுக்கு வருகிறார்கள் என்ற விளக்கம் வருகிறது. பின்னர் இது பாடநூல் வாய்பாடாகிவிட்டது. மிஷல் ரெனே பார்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995-இல் இதன் வழித்தடத்தைத் துருவிக் காட்டினார். கத்தோலிக்கர் ஒருவர் இருவருக்கும் நியாயம் செய்யும் நோக்கில் வகுத்த பாகுபாடு, பின்னர் ஆர்த்தடாக்ஸ் எழுத்தாளர்களின் கையில் மேற்குக்கு எதிரான வாதமாக மாறியது.

அந்த மாற்றத்தின் மையத்தில் இருப்பவர் விளாதிமிர் லோஸ்கி. 1922-இல் சோவியத் ரஷ்யாவிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டுப் பாரிஸ் வந்து சேர்ந்தவர். 1944-இல் வெளிவந்த அவரது ‘கீழைத் திருச்சபையின் மறைஞான இறையியல்’ பற்றிய நூல் இன்றும் முதுநிலை மாணவருக்கு முதலில் கொடுக்கப்படும் நூல்களில் ஒன்று. அதன் ஆழம் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அது எழுதப்பட்ட சூழலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1932-இல் கத்தோலிக்க இறையியல் அகராதியில் மார்தேன் ழுயூஜி பலாமாஸின் போதனையைக் கடுமையாக விமர்சித்து எழுதியிருந்தார். தாயகம் இழந்து, சிறுபான்மையாய், அந்நிய நகரத்தில் தம் திருச்சபைக்கு ஓர் அறிவுத் தகுதியைப் பெற்றுத் தர வேண்டிய நிலையில் இருந்த தலைமுறை அதற்குப் பதில் எழுதியது. பதிலின் தொனி வாதியின் கேள்வியால் அமைந்தது.

லோஸ்கியைப் பற்றி வகுப்பில் அரிதாகவே சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. எத்தியென் ஜில்சோனின் மாணவரான அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஆய்வு மெய்ஸ்டர் எக்கார்ட்டைப் பற்றியது. 1958-இல் அவர் இறந்த பிறகு, 1960-இல், ஜில்சோனின் முன்னுரையோடு அது வெளிவந்தது. கிழக்கு–மேற்கு எல்லையைக் கூர்மையாக வரைந்தவர் என்று நாம் கற்பிக்கும் மனிதர், இலத்தீன் மரபின் மிகச் சிக்கலான மறைஞானி ஒருவரைப் பல்லாண்டு அன்போடும் துல்லியத்தோடும் படித்திருக்கிறார். ஒரு நூலை மட்டும் பாடமாக வைத்து மற்றதை விட்டுவிடுவது லோஸ்கிக்கே நாம் செய்யும் அநீதி.

மறுபக்கம் ரோமின் கீழைக் கல்விக்கழகத்தில் ஐரினே ஹவுஷெர் இருந்தார். 1927-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஹெசிக்காசம் எனப்படும் அமைதிநெறியின் உடற்பயிற்சி முறையை வரலாற்றுத் திறனாய்வுக்கு உட்படுத்தியது. தாடையை மார்பில் தாழ்த்தி, மூச்சை அடக்கி, மனத்தை இதயத்துக்குள் இறக்கி இயேசுவின் பெயரைச் சொல்லும் முறை அது. புதிய இறையியலாளர் சிமியோன் பெயரில் வழங்கிய சிறுநூல் அவருடையதாக இருக்க முடியாது என்று ஹவுஷெர் காட்டினார். அவர் தொனியில் அந்த முறை மீதான இளக்காரமும் கலந்திருந்தது. 1960-இல் இயேசு செபத்தின் வரலாற்றை அவர் மீண்டும் எழுதியபோது தொனி வெகுவாகக் கனிந்திருந்தது. இந்த இரண்டு படைப்புகளுக்கும் இடைப்பட்ட முப்பத்துமூன்று ஆண்டுகளே இத்துறையின் முதிர்ச்சியின் அளவு என்று நான் கருதுகிறேன்.

4. நூல்களின் பயணம்

பிரிவினை எவ்வளவு தாங்கும் என்பதைக் கோட்பாட்டால் அறிய முடியாது. நூல்கள் எங்கே போயின, யார் அவற்றைப் படித்தார்கள் என்று பார்த்தால் தெரியும்.

எவாக்ரியுஸ் கருங்கடல் கரையின் போந்துஸ் பகுதியில் பிறந்து, எகிப்தின் கெல்லியாப் பாலைவனத்தில் 399-இல் இறந்தவர். துறவியின் மனத்தைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், அசதி, வீண்பெருமை, அகந்தை. அவற்றுள் அசதியைப் பற்றிய வருணனை நுட்பமானது. நண்பகலில் அது வரும். பகல் ஐம்பது மணிநேரம் நீண்டதுபோல் தோன்றும். துறவி அடிக்கடி வாசலுக்கு வந்து, உணவு நேரம் ஆயிற்றா என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று தேடுவார். அந்தப் பாலைவனத்தில் வாழ்ந்த யோவான் காசியன் இந்த எட்டையும் எடுத்துக்கொண்டு மார்செய் நகரத்துக்கு வந்து இலத்தீனில் எழுதினார். திருத்தந்தை பெரிய கிரகோரி அதை மாற்றியமைத்தார்: அகந்தையை மற்றவற்றுக்கெல்லாம் வேராகத் தனியே நிறுத்தினார், அசதியைத் துயரத்தில் அடக்கினார், பொறாமையைச் சேர்த்தார். இன்று தமிழ்க் கத்தோலிக்கக் குழந்தைகள் மறைக்கல்வியில் ஒப்புவிக்கும் ‘தலையான பாவங்கள் ஏழு’ அந்த எகிப்தியப் பட்டியலின் வழிவந்தவையே.

எவாக்ரியுஸின் சில கோட்பாடுகள் 553-ஆம் ஆண்டுக் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தையொட்டிக் கண்டிக்கப்பட்டன. கிரேக்கத்தில் அவர் பெயர் இருண்டது. ஆனால் செபத்தைப் பற்றிய அவரது நூல் நீலுஸ் என்ற வேறொரு புனிதரின் பெயரில் தொடர்ந்து படிக்கப்பட்டது. அது எவாக்ரியுஸுடையதே என்று 1934-இல் நிறுவியவர் அதே ஹவுஷெர். கண்டிக்கப்பட்ட பகுதிகள் சிரியாக் மொழியில் பிழைத்திருந்தன. ஆந்துவான் கியோமோன் 1958-இல் அவற்றின் திருத்தப்படாத சிரியாக் வடிவத்தைப் பதிப்பித்த பிறகுதான் முழு எவாக்ரியுஸ் தெரியவந்தார். கீழை ஆன்மிகத்தின் அடித்தளச் சிற்பி என்று இன்று சொல்லப்படுபவரைக் கீழைத் திருச்சபையே பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் வேறு பெயரில் அறிந்திருந்தது.

எதிர்த் திசைப் பயணங்களும் உண்டு. பெரிய கிரகோரியின் ‘உரையாடல்கள்’ நூலை 8-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை சக்கரியா கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்; அந்நூலின் பெயரையே அடைமொழியாக்கிக் கிழக்கு இன்றும் அவரை நினைவுகூர்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாக்சிமுஸ் பிளானுதெஸ் அகுஸ்தீனாரின் மூவொருமை பற்றிய நூலைக் கிரேக்கத்தில் தந்தார். கிரகோரி பலாமாஸ் அந்த மொழிபெயர்ப்பைப் படித்து, பெயர் சொல்லாமல் அதிலிருந்து எடுத்தாண்டிருக்கிறார் என்று ரைன்ஹார்ட் ஃப்ளோகாவுஸ் 1990-களில் வாதிட்டார். எவ்வளவு எடுத்தார், எந்தப் பொருளில் எடுத்தார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. எடுத்தார் என்பதே பாடத்திட்டத்தின் இரு பத்திகளையும் கலைக்கப் போதும். மேற்கின் தவறுகளுக்கெல்லாம் ஊற்று என்று சில நூல்களில் காட்டப்படும் அகுஸ்தீனார், கிழக்கின் காவலர் என்று காட்டப்படும் பலாமாஸின் மேசைமேல் இருந்திருக்கிறார்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட வலுவான சான்று ஆதோஸ் மலையின் நிக்கோதேமு. கொரிந்து ஆயர் மக்காரியுவோடு சேர்ந்து 1782-இல் வெனிசில் ‘பிலோகாலியா’வை அச்சிட்டவர் இவரே. நான்காம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையான துறவிகளின் செப நூல்களைக் கொண்ட அந்தப் பெருந்தொகுப்பு, பைசி வெலிச்கோவ்ஸ்கியின் ஸ்லாவோனிய மொழிபெயர்ப்பாக 1793-இல் மாஸ்கோவிலும், பின்னர் துறவி தியோபானின் ரஷ்ய வடிவத்திலும், 20-ஆம் நூற்றாண்டில் துமித்ரு ஸ்தனிலோவாயேயின் ருமேனிய வடிவத்திலும் பரவி, கீழை ஆன்மிகத்தின் மறுபெயராகவே ஆகிவிட்டது. அதற்குள்ளேயே இலத்தீனில் எழுதிய காசியன் கிரேக்க உடையில் இருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அதே நிக்கோதேமு 1796-இல், மீண்டும் வெனிசில், ‘காணாப் போர்’ என்ற நூலை வெளியிட்டார். அதன் மூலநூல் இத்தாலியக் குரு லொரென்சோ ஸ்குபோலி 1589-இல் வெளியிட்ட ‘ஆன்மிகப் போராட்டம்’. கத்தோலிக்க மறுமலர்ச்சியின் நெஞ்சத்திலிருந்து வந்த நூல் அது. பிரான்சிஸ் சலேசியார் அதைப் பல ஆண்டுகள் சட்டைப்பையில் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். நிக்கோதேமு ஆசிரியர் பெயரைச் சொல்லவில்லை; ஞானி ஒருவர் எழுதியது என்று மட்டும் குறித்தார். 1800-இல் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலையும் கொண்டுவந்தார். அது இயேசு சபைக் குரு பினமோந்தி எழுதிய, இஞ்ஞாசியாரின் பயிற்சிகளை விரித்த, நூலின் தழுவல். ஆதோஸ் மலைத் துறவி ஒருவர் ஹெசிக்காசப் பெருந்தொகுப்பையும் இயேசு சபையின் தியான நூலையும் இரு கையிலும் ஏந்தி, இரண்டும் தம் மக்களுக்கு வேண்டும் என்று கொடுத்திருக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நிக்கோதேமு தாமே இத்தாலிய மொழியிலிருந்து மொழிபெயர்க்கவில்லை. பத்மோஸ் தீவில் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த கிரேக்க மொழிபெயர்ப்புகளைப் பயன்படுத்தினார் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. ஆகவே அவர் மேற்கை நேரில் நாடியவர் அல்லர் என்று சிலர் விலக்கிவிடப் பார்க்கிறார்கள். என் பார்வையில் இந்தச் செய்தி வாதத்தை வலுவாக்குகிறது. ஒருவரின் தனி விருப்பமாக இருந்திருக்கக்கூடியது, ஈஜியன் தீவு ஒன்றில் ஏற்கெனவே வேர்கொண்டிருந்த வாசிப்புப் பழக்கமாகத் தெரியவருகிறது.

5. வேறுபாடு மெய்யாக இருக்கும் இடங்கள்

நூல்கள் பயணித்தன என்பதால் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது இன்னொரு சோம்பேறித்தனம். எல்லாம் ஒன்றே என்ற முடிவு வகுப்பறையில் எளிதில் கைதட்டல் பெறும், ஆய்வுக்கு உதவாது.

நிக்கோதேமுவின் தழுவலையே அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. ஸ்குபோலியின் நூலை அவர் அப்படியே விடவில்லை. புலன்களைக் காப்பது, இதய செபம் ஆகியவற்றைச் சேர்த்து விரித்தார். பின்னர் ரஷ்யாவில் தியோபான் இன்னும் ஆழமாகக் கை வைத்தார். காட்சிகளைக் கற்பனையில் எழுப்பித் தியானிக்கும் பகுதிகளைக் களைந்து, அவ்விடத்தில் தம் மரபின் செப போதனையை வைத்தார். 1952-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஹெச். ஏ. ஹாட்ஜஸ் எழுதிய முன்னுரை இம்மூன்று வடிவங்களையும் ஒப்பிடுகிறது. மரபுகளின் எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பொது முழக்கங்களைவிட இந்தத் திருத்தங்கள் துல்லியமாகக் காட்டுகின்றன. தியோபான் எந்த வரியில் கத்தரிக்கோலை வைத்தார் என்பது வேறுபாட்டுக்குக் கிடைத்த நூல்வழிச் சான்று.

அந்த எல்லை கற்பனையைப் பற்றியது. நிகழ்ச்சி நடந்த இடத்தை மனக்கண்ணில் அமைத்து, ஐம்புலன்களையும் அதில் செலுத்தித் தியானிக்க இஞ்ஞாசியார் கற்பிக்கிறார். எவாக்ரியுஸின் வழிவந்தவர்கள் செபத்தின்போது மனத்தில் எழும் உருவம் எதையும், அது புனித உருவமாயினும், ஏற்க அஞ்சுகிறார்கள். இது உண்மையான முரண். ஆயினும் இந்தக் கோடு கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே நேராக ஓடவில்லை. 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘அறியாமையின் மேகம்’ எழுதிய பெயர் தெரியாத ஆசிரியர் உருவங்களை மறதியின் மேகத்துக்குக் கீழே அழுத்தச் சொல்கிறார். தியோனிசியுவின் பெயரில் வழங்கும் மறைஞானச் சிறுநூலை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. சிலுவை யோவானும் காட்சிகளைப் பற்றிக்கொள்ளாதே என்கிறார். கோடு மேற்கின் உள்ளேயே குறுக்காக ஓடுகிறது.

பலாமாஸ் விவாதத்திலும் இதே கவனம் வேண்டும். கடவுளின் உள்ளியல்பு அறியவொண்ணாதது, ஆனால் படைக்கப்படாத அவருடைய ஆற்றல்களில் மனிதர் உண்மையிலேயே பங்குபெறுகிறார், தாபோர் மலையின் ஒளி அத்தகையது என்ற போதனையைக் கான்ஸ்தாந்திநோபிளில் 1341, 1347, 1351 ஆண்டுகளில் கூடிய சங்கங்கள் உறுதிசெய்தன. இலத்தீன் மரபில் அருள் படைக்கப்பட்ட ஒன்றாகப் பேசப்படுவதோடு இதை ஒப்பிடும்போது ஆழ்ந்த வேறுபாடு இருக்கிறது. அதைக் குழைத்துவிடக் கூடாது. ஆனால் அந்த விவாதத்தைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடந்த போர் என்று சொல்வது தவறு. எதிர்த்த பர்லாம் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்தவர் என்பதால் அவரை மேற்கின் தூதர் ஆக்குகிறார்கள். அவர் கிரேக்க மரபில் வளர்ந்தவர். இலத்தீனரை எதிர்த்து நூல்கள் எழுதியவர். அவருக்குப் பின் எதிர்ப்பைத் தொடர்ந்த அகிந்தினோஸும் நிக்கிபோரோஸ் கிரகோராஸும் பைசாந்தியத்தின் அறிஞர்களே. மூச்சோடு இணைந்த செப முறையை முதலில் எழுத்தில் தந்தவர்களில் ஒருவரான துறவி நிக்கிபோரோஸ் இத்தாலியிலிருந்து வந்தவர் என்று பலாமாஸே குறிப்பிடுகிறார். ஒரு முறையைத் தந்தவரும் அதைத் தாக்கியவரும் இத்தாலியிலிருந்து வந்திருக்க, ஊர்ப்பெயரை வைத்து மரபைப் பிரிப்பது எப்படி?

தமிழ் வாசகர் இவ்விடத்தில் பிராணாயாமத்தை நினைப்பது இயல்பு. மூச்சும் இருக்கையும் பெயர் உச்சரிப்பும் கூடும் முறை இந்தியாவிலும் இசுலாமிய சூபிகளிடமும் உண்டு. ஒற்றுமை கண்ணில் படுகிறது. கடன் வாங்கியதைக் காட்டும் ஆவணம் இல்லை. ஒற்றுமையைப் பதிந்துகொண்டு, தொடர்பை முடிவு செய்யாமல் விடுவதே நேர்மை.

6. பாடத்திட்டத்தில் விடுபடுவது

இரண்டு பத்திகளும் சேர்ந்து மறைக்கும் பெரிய உலகம் சிரியாக் மரபு. எபிரேம், அப்ராகாத், தல்யாத்தா யோவான், நினிவே ஈசாக்கு ஆகியோர் ‘கீழை’ என்ற தலைப்பின் அடியில் ஒரு வாரத்தில் கடந்துபோகிறார்கள்.

நினிவே ஈசாக்கைச் சற்று நின்று பார்க்கலாம். பாரசீக வளைகுடாவின் கத்தார்ப் பகுதியில் பிறந்தவர். 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நினிவேயின் ஆயராக்கப்பட்டு ஐந்தே மாதங்களில் பதவியைத் துறந்து மலைக்குப் போனார். அயராத வாசிப்பால் முதுமையில் பார்வை இழந்தார் என்று சிரியாக் ஆவணங்கள் சொல்கின்றன. அவர் சேர்ந்திருந்த கிழக்குத் திருச்சபை, கான்ஸ்தாந்திநோபிளும் ரோமும் ‘நெஸ்தோரிய’ என்று பழித்து ஒதுக்கிய திருச்சபை. இருந்தும் எருசலேம் அருகே மார் சபா மடத்தில் இரு துறவிகள் அவர் உரைகளைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். பெயர்க்கும்போது மொப்சுவெஸ்தியா தியோதோர், எவாக்ரியுஸ் முதலிய ஏற்கப்படாத பெயர்களை எடுத்துவிட்டு ஏற்கப்பட்ட தந்தையரின் பெயர்களை வைத்தார்கள். அந்த வடிவத்தில் ஈசாக்கு ஆதோஸ் மலையின் ஆசானானார்; 1770-இல் லைப்சிக்கில் அச்சேறினார். மேற்கிலும் இலத்தீனில் அவர் உரைகள் சில இடைக்காலத்திலேயே படிக்கப்பட்டன. 1983-இல் செபஸ்தியன் பிராக் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்த ஒரு கைப்பிரதியில், தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அவரது ‘இரண்டாம் பகுதி’யைக் கண்டறிந்தார்; 1995-இல் அதன் பெரும்பகுதி பதிப்பாக வந்தது. கடவுளின் இரக்கம் நரகத்தையும் கடந்து செல்லும் என்ற துணிந்த சிந்தனை அதில் இருக்கிறது. 2024 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை ரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார்.

பிளவுபட்ட திருச்சபைகள் அனைத்தும் ஒரே மனிதரைத் தம் புனிதர் என்று படித்திருக்கின்றன. பிற திருச்சபைகள் அவரைப் படிக்கும்போது அவர் திருச்சபையின் பெயரை மறைத்திருக்கின்றன. ஆன்மிக வரலாறு கோட்பாட்டு வரலாற்றின் எல்லைகளைப் பின்பற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரியாது. இவரை எந்தப் பத்தியில் வைப்பது?

7. படிப்பவர் எங்கே நிற்கிறார்

செபத்தைப் பற்றிப் படிப்பவர் செபிக்க வேண்டுமா என்ற கேள்வி இத்துறையை விடாமல் தொடர்கிறது. ஷ்னைடர்ஸ் இத்துறையை, ஆய்வாளரின் சொந்த வாழ்வும் ஈடுபட்டிருக்கும் துறை என்று ஏற்றுக்கொண்டு, அதை ஒரு குறையாகக் கருதாமல் முறையியலின் பகுதியாக்கினார். எதிர்த்தரப்பினர் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் பக்தியை மதிப்பிட முடியாது என்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் ஆசிரியர்கள் பலர் இந்தக் கேள்வியே மேற்கின் நோய் என்பார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஹவுஷெர் 1927-இல் தவறியது செபிக்காததால் அல்ல. அவர் துறவி, நாள்தோறும் செபித்தவர். தம் மரபின் செபத்தை அளவுகோலாக வைத்துப் பிறர் செபத்தை அளந்ததால் தவறினார். அவரைத் திருத்தியதும் கைப்பிரதிகளோடு தொடர்ந்த உழைப்பே. ரோமின் அதே கீழைக் கல்விக்கழகத்தில் அவர் தொடங்கிய பணியை வளர்த்த தோமாஷ் ஷ்பித்லிக் 1978-இல் கிறிஸ்தவக் கிழக்கின் ஆன்மிகத்தைப் பற்றி முழுமையான கையேடு எழுதினார். ஓர் இயேசு சபைத் துறவி கிழக்கைப் பற்றி இவ்வளவு மதிப்போடு எழுத முடிந்தது என்றால், அனுபவமும் மொழியறிவும் ஒன்றையொன்று திருத்த இடம் கொடுத்ததால்தான்.

ஆகவே முதுநிலை மாணவரிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது மொழி. கிரேக்கம், இலத்தீன், சிரியாக் மூன்றில் ஒன்றையாவது மூலத்தில் படிக்கும் அளவு தெரியாமல் ‘கிழக்கு–மேற்கு ஒப்பீடு’ என்ற தலைப்பை எடுத்தால், அவர் ஒப்பிடுவது லோஸ்கியையும் ஹவுஷெரையுமே. எவாக்ரியுஸையும் இஞ்ஞாசியாரையும் அல்ல.

8. கோட்டயமும் குளித்தலையும்

இந்தக் கோரிக்கை நம் நாட்டுக்கு எட்டாதது என்று தோன்றலாம். அது உண்மையில்லை. சிரியாக் மொழியைத் திருவழிபாட்டில் பல நூற்றாண்டுகள் காத்த திருச்சபைகள் கேரளத்தில் இருக்கின்றன. கோட்டயத்தில் 1985-இல் தொடங்கப்பட்ட புனித எபிரேம் ஒன்றிப்பு ஆய்வு நிறுவனம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிரியாக்கில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. சிரியாக் ஆன்மிகத்துக்கு மிகச் சிறந்த அறிமுகங்களில் ஒன்றான செபஸ்தியன் பிராக்கின் நூல் 1989-இல் அங்கேதான் வெளிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஓரிரவுப் பேருந்துப் பயண தூரம்.

வாகமண் மலையில் 1958-இல் உருவான குரிசுமலை ஆசிரமம் இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பெல்ஜியத்தின் சிஸ்டர்சியன் மடத்திலிருந்து வந்த பிரான்சிஸ் மாயு ஆச்சாரியாவும் இங்கிலாந்தின் பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸும் அங்கே இலத்தீன் முறையைத் தொடராமல் மேலைச் சிரியாக் வழிபாட்டை ஏற்றார்கள். ஆச்சாரியா அந்த வழிபாட்டின் விரிந்த செபக் கருவூலத்தை ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்தார். பெனடிக்டின் ஒழுங்கு, அந்தியோக்கியாவின் செபம், கேரளத்தின் காவி மூன்றும் அங்கே ஒரு நாளின் அட்டவணையில் கலந்தன.

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் ஜூல் மோன்ஷனினும் ஆன்ரி லெ சோவும் தொடங்கிய சாந்திவனத்துக்கு 1968-இல் கிரிஃபித்ஸ் வந்து சேர்ந்தார். சாந்திவனத்தைப் பற்றிய நம் எழுத்துகள் பெரும்பாலும் இந்து–கிறிஸ்தவ உரையாடல் என்ற கோணத்தில் நின்றுவிடுகின்றன. அபிஷிக்தானந்தர் என்று நாம் அறியும் லெ சோ, 1967-இல் வெளிவந்த செபம் பற்றிய தம் சிறுநூலில் இயேசு செபத்தை நாம செபத்தின் அருகில் வைத்துப் பேசுகிறார். மோன்ஷனின் கிரேக்கத் தந்தையரை ஆழ்ந்து படித்தவர். காவிரிக்கரையில் அத்வைதத்தைச் சந்தித்தவர்கள் எந்தக் கிறிஸ்தவத்தோடு வந்து சந்தித்தார்கள்? 1940-களின் பிரான்சில் மீட்டெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த கிரேக்கத் தந்தையரோடா, லெ சோ விட்டுவந்த பிரித்தானி மடத்தின் பெனடிக்ட் மரபோடா? 1986-இல் வெளிவந்த லெ சோவின் நாட்குறிப்பு, மோன்ஷனினின் கட்டுரைகள், 1942-இல் நீசா கிரகோரியோடு தொடங்கிய ‘கிறிஸ்தவ ஊற்றுகள்’ வரிசையின் தொடக்க கால நூல்கள் ஆகியவற்றைப் அருகருகே வைத்துப் பிரெஞ்சிலும் கிரேக்கத்திலும் படிக்கக்கூடிய ஒருவர் இக்கேள்விக்கு விடை காணலாம். தமிழில் எழுதப்பட வேண்டிய முனைவர் பட்ட ஆய்வு அது. அதற்கான நூல்களும் கற்றுக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. மாணவரும், அவருக்கு மூன்று ஆண்டுகள் மொழி கற்க நேரம் தரும் நெறியாளரும் வேண்டும்.